உட்கார்ந்திருக்க ஓர் உத்தரவு

1. இன்வர்டு எண் போட்ட தாள்

கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது மெல்லிய விரிசல். ஆறு வாரம் முழு ஓய்வு. ஓடக்கூடாது.

தி. நகரில் ஓர் எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழின் சாரம் இவ்வளவுதான். முப்பத்திரண்டு வருட அலுவலக வாழ்க்கையில் என் மேஜைக்கு வந்த மருத்துவச் சான்றிதழ்களில் கையெழுத்து முழுவதுமாகப் புரிந்தது இது ஒன்றுதான். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்த மருத்துவர் நிறுத்தி, அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாக எழுதியிருந்தார். ‘ஓடக்கூடாது’ என்பதன் கீழே இரண்டு கோடுகள்.

நான் வேலை பார்த்தது மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில், கத்தோலிக்க நிர்வாகத்தில் நடக்கும் ஒரு கல்லூரி. கடைசி ஆறு வருடம் உடற்கல்வித் துறைக்கு அலுவலகக் கண்காணிப்பாளர். மைதானத்தில் யார் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அது ஓடியதாக ஆவது என் மேஜையில்தான். தகுதிப் படிவம், மருத்துவச் சான்றிதழ், ஓ.டி. ஆகிய எல்லாம் என் பொறுப்பு. ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. பயிற்சிக்கோ போட்டிக்கோ போகும் மாணவருக்கு வகுப்பில் வந்ததாக வருகை கொடுப்பது. விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது மூச்சுக் காற்று. ஓ.டி. நின்றால் வருகை குறையும், வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது, தேர்வு போனால் சீட்டும் போகும்.

தாளைக் கொண்டுவந்தவள் மெர்சி. பி.ஏ. இரண்டாம் ஆண்டு. ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. வீடு கொட்டிவாக்கம். அவளுடைய அம்மா அங்கேயே பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளை நம்பாமல் அம்மா காலையிலேயே நகலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அசலைக் கொடுக்க வந்தவள், வலது காலில் எடை போடாமல் நிற்பதை மறைக்க என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், இத ஃபைல்ல போடாம இருக்க முடியுமா?”

“முடியாதும்மா. காலைல நகல் வந்தப்பவே பதிவேட்டுல ஏத்தி இன்வர்டு நம்பர் போட்டாச்சு.”

“நம்பரை அடிச்சிட முடியாதா சார்?”

“அடிக்கலாம். ஏன் அடிச்சேன்னு ஒரு விளக்கம் எழுதணும். அந்த விளக்கத்துக்கு ஒரு நம்பர் போடணும்.”

அவள் சிரிக்கவில்லை. போய்விட்டாள். பத்து நிமிடத்தில் உடற்கல்வி இயக்குநர் தனசேகர் வந்தார். எல்லோருக்கும் அவர் பி.டி. சார். கழுத்தில் விசில், கையில் டீ.

“சார், இன்டர்-காலேஜியேட் மீட்டுக்கு மூணு வாரம்தான் இருக்கு. இப்பப் போய் அன்ஃபிட்னு ஃபைல்ல ஏத்துனா நான் யாரை ஓட வைக்கிறது? அத டிராயர்ல வைங்க. மீட் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்.”

“வைக்கிறேன் சார். ‘டிராயரில் வைக்கவும்’னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், டீயைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். இளையவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்கச் சொன்னால் முக்கால்வாசி உத்தரவுகள் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

கதவருகில் ஒரு பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷர்மி. ரிலே ஓடுகிறவள், சிந்தாதிரிப்பேட்டை, மெர்சியின் சிநேகிதி.

“நீங்க இன்னா எழுதினாலும் அவ ஓடிக்கினுதான் இருப்பா சார்.”

“ஏன், டாக்டரைவிட அவளுக்குத் தெரியுமா?”

“நேர்ச்சை சார். போன வருசம் முட்டி ஜவ்வு பிஞ்சிச்சே, மறுபடி ஓட முடியாதுன்னாங்களே, அப்ப சாமியாண்ட வேண்டிக்கினா. கால் சரியாச்சு. அதுக்கு நன்றியா ஒரு வருசம் ஒரு நாள்கூட வுடாம ஓடுறேன்னு சொல்லிட்டா. போன்ல ஆப்பு வெச்சிக் கணக்குப் பாக்குறா. இன்னியோட இருநூத்திப் பதினொண்ணு.”

“ஒரு நாள் கூடவா விடலை?”

“ஜுரத்துல ஓடுனா. மழைல பஸ்ஸே வுடல, அன்னிக்கும் பீச்சாண்ட ஓடிட்டு வந்து நிக்குது. இப்ப ராவெல்லாம் தூக்கம் கெடையாது. சோறு எறங்கல. டிரெஸ்ஸிங் ரூம்ல குந்திகினு அழுவுது. கேட்டா கண்ல தூசின்னுது. தெனிக்கும் இன்னா சார் தூசி?”

2. மூன்று நகல்கள்

இதற்கு ஒரு வழிமுறை இருந்தது. மனவுளைச்சலில் இருக்கும் மாணவரை ஆலோசனை மையத்துக்கு அனுப்பும் படிவம். அந்தப் படிவத்தை வடிவமைத்ததே நான்தான். பெயர், வகுப்பு, துறை, காரணம், பரிந்துரைப்பவர். அசல் ஆலோசனை மையத்துக்கு. நகல் துறைத் தலைவருக்கு. நகல் பி.டி.க்கு. அன்றே தட்டச்சு செய்து அனுப்பினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘மன அழுத்தம், தூக்கமின்மை’ என்று பிழையில்லாமல் எழுதினேன். கடமையைச் செய்துவிட்ட திருப்தியில் அன்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை மைதானத்தில் ஃபால்-இன். நாற்பது பேர் வரிசையில் நிற்க, பி.டி. அன்றைய தாள்களைப் படிப்பது வழக்கம். யாருக்கு எந்த ஊர்ப் போட்டி, யாருக்கு ஷூ வந்திருக்கிறது என்று. அந்தக் கட்டில் என் நகலும் இருந்தது.

“மெர்சி. உனக்கு மன அழுத்தமாம், ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. கவுன்சிலிங் சிஸ்டரைப் போய்ப் பாரு. மன அழுத்தம் யாருக்குத்தான் இல்ல, எனக்கு இல்லையா?”

வரிசையில் இரண்டு பேர் சிரித்ததாகக் கேள்வி. மெர்சி பையை எடுத்துக்கொண்டு போனவள், அடுத்த நான்கு நாள் கல்லூரிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் ஷர்மி என் மேஜை முன் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நான் உங்களாண்ட சொன்னது உங்க காதுக்கு சார். நீங்க டைப்பு அடிச்சு ஊருக்கே படிச்சுக் காட்டிட்டீங்க.”

“அது வழிமுறைம்மா.”

“இன்னா வழியோ இன்னா முறையோ. அவ போனை எடுக்க மாட்டேன்றா. அவங்க அம்மாவாண்ட கேட்டேன். காலைல அஞ்சு மணிக்கு நொண்டிக்கினே பீச்சுக்குப் போவுதாம். வந்தா ரூமுக்குள்ள போய்க் கதவு சாத்திக்குதாம்.”

 முப்பத்திரண்டு வருடத்தில் என் மேல் ஒரு மெமோ கிடையாது என்று பெருமை அடித்துக்கொண்டவன் நான். அந்தப் பெண் கொடுத்ததுதான் முதல் மெமோ.

அரைமணி நேரத்தில் இரண்டாவது மெமோவும் வந்தது. ஆலோசனை மையத்தின் சிஸ்டர் ஃபிலோ. உளவியல் படித்த கன்னியாஸ்திரி, ஐம்பது வயது, மெதுவாகப் பேசுவார். என் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

“சார், இதுல ‘ரகசியம்’னு ஒரு கட்டம் எங்க இருக்கு? கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியல.”

“இல்லை சிஸ்டர்.”

“அதான் கேட்டேன்.”

படிவத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

3. அதிகாரம் யாருக்கு

சிஸ்டர் அன்றே மெர்சியின் அம்மாவுக்குப் போன் செய்து, கொட்டிவாக்கம் வீட்டுக்கே போனார். அடுத்த நாள் அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போனார். தூக்கத்துக்கு மருந்து, வாரா வாரம் பார்க்க ஒரு நேரம் என்று அந்தப் பக்கம் ஏற்பாடு ஆயிற்று. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

மறுபடி என் அறைக்கு வந்த சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“மெர்சி கிட்ட கேட்டுட்டுத்தான் இதை உங்ககிட்ட சொல்றேன். அட்டென்டன்ஸ் விஷயம் உங்க கையில இருக்கறதால. டாக்டர் சொல்லிட்டார், நான் சொல்லிட்டேன், அம்மா அழுதுட்டாங்க. கடவுள் அன்பானவர், கோவிச்சுக்க மாட்டார்னு எவ்வளவோ பேசினேன். எல்லாத்தையும் தலையாட்டிக் கேக்குறா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேக்குறா: ‘நீங்க சொல்றது சரி சிஸ்டர், ஆனா நான் உங்ககிட்ட சொல்லலையே, அவர்கிட்டல்ல சொன்னேன்?’”

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அதில் மனக்கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அசலான அலுவலகக் கேள்வி அது. ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலை இன்னொருவர் எப்படி ரத்து செய்வார்?

“சிஸ்டர், எங்க வீட்டில ஒரு பழக்கம் உண்டு. பிரார்த்தனையை உடனே செலுத்த முடியலைன்னா மஞ்சள் துணியில ஒரு ரூபாயை முடிஞ்சு சுவாமி அலமாரியில வைப்போம். கால அவகாசம் கேட்டு மனு போட்ட மாதிரி. என் மனைவி திருப்பதிக்கு முடிஞ்சு வச்சு பதினோரு வருஷம் ஆகுது. பெருமாள் இதுவரைக்கும் ஒரு ரிமைண்டர்கூட அனுப்பலை. உங்களில அந்த மாதிரி வழி கிடையாதா?”

“தள்ளிப்போடறதா?”

“தள்ளிப்போடவோ, மாத்தவோ. அதுக்கு அதிகாரம் பெற்றவர்னு ஒருத்தர் இருப்பாரே?”

 சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“இருக்கார் சார். தனிப்பட்ட ஆள் கொடுத்த நேர்ச்சையைத் தளர்த்தவோ வேற நல்ல காரியமா மாத்தித் தரவோ அவங்க ஏரியா கோயிலோட பங்குச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு. திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தோணல பாருங்க.”

“நீங்களே மாத்திக் குடுக்க முடியாதா?”

“நான் கன்னியாஸ்திரி சார். எனக்கு அந்த அதிகாரம் இல்ல. ரெண்டு நாளா நானும் அவ நினைப்பை மாத்தத்தான் பாத்தேன். அவ அறிவுரை கேக்கல, அனுமதி கேக்குறா.”

4. பங்குத்தந்தையின் அலுவலகம்

சிஸ்டர் போனில் விஷயத்தைச் சொன்னதும், மருத்துவச் சான்றிதழின் அசலைப் பார்க்க வேண்டும் என்றார் மெர்சியின் பங்குத்தந்தை. அசல் ஆவணம் பொறுப்பாளர் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆகவே பொறுப்பாளரும் போக வேண்டியதாயிற்று. உண்மையில் எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்கு விதி இருந்தது சௌகரியமாகப் போயிற்று.

வீட்டுக்குத் தகவல் சொன்னேன். “சர்ச்சுக்கா? எதுக்கு? ஆத்துல இருக்கற சுவாமியைச் சேவிக்கவே நேரமில்லேன்னேள்” என்றாள் மனைவி. அலுவல் நிமித்தம் என்றேன்.

அடையாறிலிருந்து பஸ்ஸில் திருவான்மியூர், அங்கிருந்து கொட்டிவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. சாயங்காலம் ஐந்து மணி. கோயிலை ஒட்டி ஒரு சிறிய பங்கு அலுவலகம். மேஜை, இரும்பு அலமாரி, ஞானஸ்நானப் பதிவேடுகள், சுவர் ஓரம் நீளமான மர பெஞ்சு. எனக்கு அந்நியமாகவே இல்லை. பதிவேடுகளுக்கு அட்டை போட்டு, முதுகில் ஆண்டு எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

பங்குத்தந்தை அறுபதை நெருங்குகிறவர். சான்றிதழை இரண்டு முறை படித்தார். பெஞ்சில் மெர்சியும் சிஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். மெர்சியின் கண்ணைச் சுற்றிக் கருமை. அன்று காலையும் ஓடியிருக்கிறாள். இருநூற்றுப் பத்தொன்பது.

“என்ன வார்த்தை சொல்லி நேர்ந்துகிட்ட?” என்று கேட்டார் பங்குத்தந்தை.

“ஒரு வருஷம், ஒரு நாள் விடாம, உமக்காக ஓடுவேன்னு.”

“யார் முன்னாடி?”

“யாரும் இல்ல ஃபாதர். பீடத்துக்கு முன்னாடி நான் மட்டும்.”

“ஜெயிக்க வைன்னு கேட்டியா?”

“இல்ல ஃபாதர். கால் திரும்ப வந்ததுக்கு நன்றி. அவ்வளவுதான்.”

விசாரணை ஒழுங்காகப் போவதைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. தேதி, வாசகம், சாட்சி, நோக்கம். ஒரு கேள்விகூட வீண் இல்லை.

“நிறுத்தினா என்ன ஆகும்னு நினைக்கிற?”

மெர்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவர் குடுத்ததை எடுத்துப்பார். எடுத்துக்கட்டும் ஃபாதர், அதுகூடப் பரவால்ல. ஓடலைன்னா நான் யாருன்னே தெரியல. சில நாள் காலைல எழுந்திருக்கவே வேணாம்னு இருக்கு. ஓடணுமேன்னுதான் எழுந்திருக்கேன். அதையும் விட்டுட்டா?”

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் தண்ணீர் கேன் போடுகிற ஆள் வந்து நின்றான். பங்குத்தந்தை கையை உயர்த்தி அவனை வெளியிலேயே நிறுத்தினார்.

“அம்மா, இத சிஸ்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன் ஃபாதர். டாக்டர்கிட்டயும்.”

“நல்லது. அத எப்பத் தோணினாலும் அந்த நிமிஷமே சொல்லணும், யாருக்காவது போன் போடணும். எனக்குப் போடு. இப்ப நேர்ச்சைக்கு வருவோம். அந்தக் கால் யார் குடுத்தது?”

“ஆண்டவர்.”

“அவர் குடுத்த காலை நீ ஒடச்சு, ஒடஞ்ச காலோட போய் அவருக்கே நன்றி சொல்லிட்டு இருக்க. நீ ஒருத்தருக்குப் புடவை எடுத்துக் குடுக்குற. அவங்க உன்மேல இருக்கற பாசத்துல அதையே தெனம் தெனம் தொவைச்சுக் கட்டிக் கிழிச்சிட்டாங்கன்னா உனக்கு எப்படி இருக்கும்?”

அவள் அழுதாள். கண்ணில் தூசி என்று யாரும் சொல்லவில்லை.

 அவள் அழுது முடித்ததும் பங்குத்தந்தை, நான் இத்தனை வருடம் கேட்ட உத்தரவுகளிலேயே தெளிவான உத்தரவைச் சொன்னார்.

“கேளு. உன் நேர்ச்சையை நான் ரத்து பண்ணல. மாத்துறேன். மிச்சம் எத்தனை நாள்?”

“நூத்தி நாப்பத்தி ஆறு, ஃபாதர்.”

“அந்த நூத்தி நாப்பத்தி ஆறு நாளும் நீ ஓட வேணாம். பயிற்சி நேரத்துக்கு மைதானத்துல போய் உக்காரு. எவ்வளவு நேரம் ஓடுவியோ அவ்வளவு நேரம் உக்காரு. அங்க ஓடுற ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி அவங்களுக்காக வேண்டிக்க. டாக்டர் ஓடலாம்னு சொன்னப்புறம் ஓடினா அது உன் பயிற்சி, நேர்ச்சைக் கணக்குல வராது. வாரா வாரம் சிஸ்டரைப் பாக்கறது நேர்ச்சையில சேர்த்தி. ஞாயித்துக்கிழமை பூசை, சாப்பாடு, தூக்கம். உக்காரவும் வேணாம்.”

“ஞாயிறு கூடவா ஃபாதர்? ஒரு நாள் விட்டா...”

“உலகத்தைப் படைச்சவரே ஏழாம் நாள் ஓய்வு எடுத்தாரு. நீ அவரைவிட பிஸியா?”

மெர்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 

“எழுதித் தருவீங்களா ஃபாதர்?”

அவர் சிரித்தார். “இதுக்கெல்லாம் எழுத்து வேணாம்மா. நான் சொன்னாப் போதும்.”

அதுவரை வாயைத் திறக்காமல் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். “எழுதிக் குடுத்துடுங்க ஃபாதர். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அவ தனியா இருப்பா. நீங்க சொன்னது அப்ப காதுல கேக்காது. கையில ஒரு தாள் இருக்கணும்.”

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தாளால் அந்தப் பெண்ணைக் காயப்படுத்தியவன் இன்னொரு தாளுக்காக வாதாடுகிறான் என்று நினைத்திருக்கலாம். எனக்கும் அதுதான் தோன்றியது.

பங்குத்தந்தை லெட்டர்ஹெட்டை எடுத்து, தேதி போட்டு, ஏழெட்டு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் தேடினார். காணோம். அலமாரியில் தேடினார், மேஜை இழுப்பறையில் தேடினார், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாருக்குப் போன் செய்தார். முத்திரை இல்லாமலே கொடுத்துவிடலாமே என்று சிஸ்டர் என்னிடம் கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கால்மணி நேரம் கழித்து, திருமணப் பதிவேட்டுக்குள் முத்திரை அகப்பட்டது.

சிவப்பு மை காய்வதற்காகத் தாளை ஊதிக்கொண்டே திரும்பினேன். மெர்சி பெஞ்சில் காலை நீட்டி, சிஸ்டரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனையோ வாரத்துத் தூக்கம். யாரும் எழுப்பவில்லை. தண்ணீர் கேன் ஆள்கூட செருப்பைக் கழற்றிவிட்டு, கேனைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

5. பிளாஸ்டிக் நாற்காலி

வேலை அத்தோடு முடியவில்லை. மறுநாள் பி.டி. என் அறைக்கு வந்தார்.

“ஓடாம உக்காந்திருக்கறவளுக்கு ஓ.டி.யா? நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?”

“விதியைப் படிக்கட்டுமா?”

“படிக்காமலா இருக்கப் போறீங்க.”

படித்தேன். விளையாட்டுக் கோட்டா மாணவர் பயிற்சி நேரத்தில் மைதானத்துக்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ‘வந்து’ என்றுதான் இருந்தது. ஓட வேண்டும் என்று எங்கும் இல்லை. இந்த விதியை எழுதியவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். அவருக்கு இவ்வளவு கருணை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பி.டி. விதியை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். அவர் இடது முழங்காலைத் தேய்த்துக்கொள்வதை அன்றுதான் கவனித்தேன். மாநில அளவில் எண்ணூறு மீட்டர் ஓடியவர். இருபத்தாறு வயதில் நின்றுபோனது.

“ஃபால்-இன்ல அன்னிக்கு நான் அப்படிப் படிச்சிருக்கக் கூடாது,” என்றார்.

“நான் உங்களுக்கு நகல் போட்டிருக்கக் கூடாது,” என்றேன்.

“எங்க காலத்துல வலிக்குதுன்னு சொன்னா இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொல்லுவாங்க சார். உக்காருன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.”

அன்று மாலை மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அருகில் காலை நீட்டி வைக்க ஒரு ஸ்டூல். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. பி.டி. அறையில் ஒரு நாற்காலி குறைந்திருந்தது.

மெர்சி வந்து உட்கார்ந்தாள். முதல் வாரம் முழுவதும் கையில் அந்தத் தாளை மடித்து வைத்திருந்தாள். நடுநடுவே பிரித்துப் பார்ப்பாள். இரண்டாம் வாரம் தாள் பைக்குள் போயிற்று. நான்காம் வாரம் பி.டி. அவள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, மற்றவர்களுக்கு நேரம் எடுக்கச் சொன்னார். ஷர்மி ஓடி வந்து மூச்சு வாங்க நிற்பாள்.

“இன்னா மச்சி, இன்னிக்கு எனக்கு வேண்டிக்கினியா இல்லியா? ரெண்டு செகண்டு கம்மியாவணும்.”

“வேண்டிக்கிட்டேன். ஆனா நீ வளைவுல தூங்குற. அதுக்கு ஆண்டவர் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் கிண்டல் செய்ததைக் கேட்ட அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஆலோசனை அறை விஷயம் எதையும் அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. “டீ சாப்பிடுறீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

இன்டர்-காலேஜியேட் மீட்டில் எங்களுக்கு ஐயாயிரம் மீட்டரில் ஆள் இல்லை. மெர்சி இல்லாமல் அணி போயிற்று, வந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு சேர்ந்திருந்தது. மருத்துவர் நடக்கவும், பிறகு மெல்ல ஓடவும் சொன்னார். இந்த முறை அவர் கையெழுத்து எனக்குப் புரியவில்லை. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசி வேலை அந்தப் படிவத்தைத் திருத்தியது. காரணம் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டேன். நகல்கள் கிடையாது. ஒட்டிய உறையில், ஆலோசகர் பெயருக்கு மட்டும். கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘இதுபற்றி மாணவரிடம் கேட்டு, அவர் ஒப்புதலுடன் அனுப்பப்படுகிறது.’ முதல்வர் கையெழுத்துப் போடும்போது, இவ்வளவு சின்னப் படிவமா என்றார். ஆம் என்றேன்.

6. ஞாயிற்றுக்கிழமை

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் காலையில் எழுந்து, குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஆத்துலதானே இருக்கேள், எதுக்கு இன் பண்ணிண்டு உக்காந்துண்டிருக்கேள்?” என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் மருத்துவ விடுப்பு எடுக்காதவன் என்று என் பிரிவுபசார விழாவில் புகழ்ந்தார்கள். அதில் இரண்டு முறை எனக்கு டைஃபாய்டு. நான் யாரிடமும் நேர்ந்துகொள்ளவில்லை. மெர்சிக்காவது காரணம் இருந்தது.

அவளை நினைத்துக்கொண்டு ஒருநாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ‘இன்று முதல் காலை ஏழு மணிக்கு முன் எழ வேண்டாம்’ என்று எழுதி, மனைவியிடம் கையெழுத்துக் கேட்டேன். “பைத்தியம் பிடிச்சுடுத்தா?” என்று கேட்டுக்கொண்டே போட்டாள். மறுநாள் ஏழரை வரை தூங்கினேன்.

இந்தத் தொழிலில் இப்போது இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஓய்வு எடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். விளையாட்டு மாணவர்களின் மனநலம் பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன, பேனர் கட்டுகிறார்கள், மதிய உணவு போடுகிறார்கள். ஆனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள முடியாதவருக்கு அறிவுரை கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறார் என்று கேளுங்கள். அவர் நம்புகிற அந்த இடத்திலிருந்தே உத்தரவு வாங்கிக் கொடுங்கள். மருத்துவர் மருந்து தரட்டும், ஆலோசகர் பேசட்டும், இரண்டும் இல்லாமல் முடியாது. அவற்றோடு சாமியார் கையெழுத்தும் வேண்டியிருந்தால் பஸ் பிடித்துப் போய் வாங்கி வாருங்கள். அதற்கு முன்னால் நகல் அனுப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

போன மாதம் மனைவியுடன் திருவான்மியூர் கடற்கரைக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணி. நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாயைக் கூட்டிவந்து நாயின் பின்னால் இழுபடுபவர்கள். மணலில் ஒரு பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஆபீஸ் சார்!”

மெர்சி முதுகலை படிக்கிறாள். பல்கலைக்கழக அணியில் இருக்கிறாள். சென்ற சீசனில் மூன்றாவதாக வந்தாளாம். அதைச் சொல்லிவிட்டு, “அப்பப்போ கஷ்டமா இருக்கும் சார். அப்போ சிஸ்டருக்குப் போன் பண்ணிடுவேன்” என்றாள். பழக்கதோஷத்தில் நான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டிருந்தாள்.

“இவ்வளவு பேர் ஓடுறாங்க. நீ ஓடலையாம்மா?”

“இன்னிக்கு ஞாயிறு சார்,” என்று சொல்லிவிட்டு, மறுபடி மணலில் உட்கார்ந்துகொண்டாள்.